எதுவும் நடக்காத ஒரு மாலை

1

இந்தக் கதை எனக்குப் பல்வலியால் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும், இல்லை. பல் டாக்டரின் வரவேற்பறையில் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சிரிக்கும் பல் படத்தை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி. அவருடைய வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வளையம் வளையமாய்க் கன்றிப்போயிருந்தது.

எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் உண்டு. எழுதுகிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்வது அதை மறைக்கத்தான்.

"கையில என்னங்க?"

"ஆடு."

"முட்டிடுச்சா?"

"இல்லைங்க. உள்ள கை விட்டிருந்தேன். அது முக்கும்போது இடுப்பெலும்பு நசுக்கிடும். நான் கால்நடை டாக்டர்."

பிறகு, பல்வலிக்காரர்களுக்கே உரிய எரிச்சலான நேர்மையோடு, கேட்காததையும் சொன்னார். "கொஞ்ச நாளா தினமும் இதான் வேலை. குட்டி வெளிய வர மாட்டேங்குது. கால் மடங்காது, கட்டை மாதிரி விறைச்சுக் கெடக்கும். முதுகு முறுக்கியிருக்கும். சிலதுக்குத் தலை பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்ள மூளை இருக்க வேண்டிய இடத்துல தண்ணி."

"ஏன் அப்படி?"

"ஒரு பூச்சிங்க. கொசுவுல பாதி கூட இருக்காது. சினை புடிச்ச புதுசுல வந்து கடிச்சிருக்கும். அது கொண்டு வர்ற வைரஸ் ரத்தத்தோட போய்க் குட்டியைப் புடிச்சுக்கும். கடிச்சு மாசக்கணக்காச்சு. அந்தப் பூச்சியெல்லாம் எப்பவோ செத்திருக்கும்."

"தாய் ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அது பாட்டுக்கு மேயும். வயிறு பெருசாகும், மடி இறங்கும், எல்லாம் ஒழுங்கா நடக்கும். கடைசி நிமிஷம் வரைக்கும் வீட்டுல சந்தோஷமா இருப்பாங்க." அவர் கன்றிய கையைத் தடவிக்கொண்டார். "ஒரு வீட்டுல இன்னும் ஒரே ஒரு ஆடு பாக்கி. அந்தம்மா தினமும் போன் பண்ணி, இதாவது நேரா வருமான்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதி முகம் மரத்துப்போய் நான் வெளியே வந்தபோது அவர் உள்ளே போயிருந்தார். ஆக, இதுவரை சொன்னது மட்டும்தான் எனக்குக் கொடுக்கப்பட்டது. இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

(இந்த நோய்க்குப் பெயர் உண்டு. இதன் பங்காளி நோய்கள் சிலவற்றுக்கும் உண்டு. பெரும்பாலும் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடத்தின் பெயரையே வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்துக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நான் சொல்லப் போவதில்லை.)

2

கதை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பூச்சி கடித்த அந்த மாலையில். எல்லாம் முடிவானது அன்றுதான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

"அந்த மாலைக் காற்றில் ஏதோ ஒரு கெடுதி கலந்திருந்தது."

பொய். கெடுதி எதுவும் தெரியவில்லை என்பதுதான் விஷயமே. விட்டுவிட்டேன்.

"அன்று அவளுக்குக் காரணமே இல்லாமல் மனம் கனத்தது. பின்னாளில் நினைத்துப் பார்க்கையில் அவளுக்கு"

இதையும் பாதியில் விட்டுவிட்டேன். அவளுக்கு அன்று மனம் கனக்கவில்லை. இடுப்பு வலித்தது, அவ்வளவுதான். ஆடு வளர்க்கிற பெண்ணுக்கு மாலையில் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது முயற்சியை வைத்துக்கொண்டேன். அது இது:

"வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டைக் கரையில் இளம் ஆடுகள் நின்றன. கிடா சேர்த்துச் சில வாரங்களே ஆன ஆடுகள். சினை பிடிக்கிற நேரத்தில் ஆட்டை விரட்டக் கூடாது, அதட்டக் கூடாது, ஓட்ட ஓட்டமாய்க் கொண்டுபோய் அடைக்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி. அவை தாமாகத் தண்ணீர் குடித்து, தாமாக நிமிர்ந்து, தாமாகத் திரும்பும் வரை கூடவே நிற்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். நொண்டி நின்றது, வெள்ளைமூக்கு நின்றது, ஊர்சுற்றி நின்றது. பொடிப்பூச்சிகள் முகத்தில் மொய்த்தன. கையை வீசித் தன் முகத்திலிருந்து அவற்றை விரட்டிக்கொண்டாள். ஒரு ஆடு காதை ஆட்டியது. தூரத்தில் கொட்டகைக் கதவைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வயதான ஆடுகள் அவள் கணவன் பொறுப்பு. அவன் பொழுதோடு அவற்றை உள்ளே தள்ளி அடைத்துவிடுவான். லாரி ஷெட்டுக்குப் பின்னால் அவனுக்குச் சீட்டாட்டம் காத்திருக்கும். 'சோம்பேறி,' என்றாள் அவள், வெள்ளைமூக்கின் நெற்றியைச் சொறிந்துகொண்டே."

அவ்வளவுதான். இந்தக் கதையின் மிக முக்கியமான காட்சியை நீங்கள் இப்போது படித்து முடித்துவிட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை, பார்த்தீர்களா?

3

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வில்லன் கிடைக்கவில்லை.

பூச்சியை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க அதன் சிறகடிப்பை எழுதினேன். படித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அதற்கு யார் மேலும் கோபமில்லை. அதற்கு வேண்டியது ஒரு துளி ரத்தம். அதுவும் தன் முட்டைகளுக்காக. தன் வயிற்றில் இருக்கிற கிருமியைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. கிருமிக்கோ தான் ஒரு கிருமி என்பதே தெரியாது. இப்படி யாருக்கும் எதுவும் தெரியாத ஒரு வரிசையின் கடைசியில், நாலு மாதம் கழித்து, ஒரு பெண் கொட்டகையில் மண்டியிட்டு அழுகிறாள். அவள் யாரைத் திட்டுவாள்? ஆத்திரத்தைக் கொட்ட ஒரு முகம் கூட இல்லாமல் போவது மனிதர்களுக்கு நேரக்கூடிய பெரிய அநியாயங்களில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுதுவதை முதலில் படிப்பது என் அக்கா. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் எதையும் படிப்பாள், மருந்துச் சீட்டு உட்பட. இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணோட மகளோ மருமகளோ யாராவது முழுகாம இருக்கணுமேடா?"

"இல்லைக்கா."

"இருக்கும். நீ கடைசியில கொண்டு வருவே. இங்க ஆடு, அங்க மருமக."

"கொண்டு வர மாட்டேன். ஆட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது ஆட்டுக்கு ஆனதுதான். அதுக்கு அழறதுக்கு இன்னொரு காரணம் எதுக்கு?"

அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி செருகிக்கொண்டாள். நீங்களும் மருமகளை எதிர்பார்த்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வர மாட்டாள்.

4

வெள்ளைமூக்குதான் முதலில் படுத்தது. காலை நேரம். தகரக் கூரை சூடேறத் தொடங்கியிருந்தது. அவள் தரையில் புது வைக்கோல் பரப்பி, வாளியில் வெந்நீரும் சோப்பும் வைத்து, சாக்குத் துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தாள். தனக்கே பிரசவம் பார்ப்பது போல அவ்வளவு ஆசை. பனிக்குடம் உடைந்தது. ஆடு முக்கியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முக்கியது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே விட்டாள். இதை எத்தனையோ முறை செய்திருக்கிறாள். முன்னங்கால் பின்னால் மடங்கிக் கிடந்தால், முட்டியைப் பிடித்து மடக்கி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முன்னால் கொண்டுவந்துவிடலாம். முட்டியைப் பிடித்தாள். மடக்கினாள்.

மடங்கவில்லை.

"என்னங்க, இங்க வாங்க," என்றாள். குரல் மாறியிருந்ததைக் கேட்டு அவள் கணவன் பாதி டீயோடு ஓடி வந்தான்.

டாக்டரம்மா வந்து வெகுநேரம் போராடி எடுத்தார். அது ஆட்டுக்குட்டி மாதிரியும் இருந்தது. ஆட்டுக்குட்டியை யாரோ துணி மாதிரி முறுக்கிப் பிழிந்து போட்டது மாதிரியும் இருந்தது. கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திருப்பவில்லை. சாக்குத் துண்டால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். செத்துப் பிறந்த குட்டிக்கு மூக்கைத் துடைத்து என்ன பயன் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளைமூக்கு தலையைத் திருப்பி, தன் பங்குக்கு அதை நக்க ஆரம்பித்தது.

அடுத்த வாரம் நொண்டி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாய். சில குட்டிகள் முறுக்கிக்கொண்டு வந்தன. சில நேராக வந்து, பால் காம்பு எங்கே என்று தெரியாமல் சுவரை முட்டிக்கொண்டு நின்று, மறுநாள் செத்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒழுங்காக வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. இதே சமயத்தில் கொட்டகையின் மறுபுறத் தடுப்பில், அவள் கணவனின் கிழட்டு ஆடுகள் குட்டி மேல் குட்டியாய்ப் போட்டுத் தள்ளின. எல்லாம் துள்ளின. அந்தத் துள்ளல் சத்தம் தகரச் சுவரில் பட்டு இந்தப் பக்கம் கேட்டது.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "பொழுது சாயுற நேரத்துல இந்த இளசுங்க எங்க நிக்கும்?"

"குட்டைக் கரையில. நானும் கூட நிப்பேன்."

"அந்தப் பெரிய ஆடுங்க?"

கணவன் சாக்குத் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தான். அவள்தான் சொன்னாள். "அதுங்களை இவரு நேரத்தோடயே அடைச்சுடுவாரு."

"ஏன்?"

"சீட்டாடப் போகணுமே."

டாக்டரம்மா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூச்சியைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் ஓரம், சேறு, வெயில் தாழ்ந்த நேரம், இவைதான் அதற்குப் பிடிக்கும் என்றும் கொட்டகைக்குள் அவ்வளவாக வராது என்றும் சொன்னார். "உங்க மேல தப்பு இல்லம்மா. யாருக்குத் தெரியும்? ஒரு தடவை கடிபட்ட ஆட்டுக்கு அடுத்த சினையில அநேகமா வராது."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சிலர் காதில் ஆறுதல் பாதிதான் விழும்.

5

கவனிப்புக்குத் தண்டனை, சோம்பலுக்குப் பரிசு. இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்டு அவள் இடிந்துபோனது இயற்கை. என்னை வியக்க வைத்தவன் அவள் கணவன்தான். (நானே உருவாக்கிய ஆள் என்னை வியக்க வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வைக்கிறான்.) கல்யாணமான நாளிலிருந்து சோம்பேறி என்று பேர் வாங்கியவன். இப்போது ஊர் முன்னால் மார்தட்டிக்கொள்ளலாம். அவனோ தன் ஆடுகள் போட்ட குட்டிகளை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். லாரி ஷெட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "கை சரியில்ல," என்றான். சாயங்காலம் வந்தால் கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்து, திருட்டுப் பொருளை வைத்திருப்பவன் மாதிரி முழித்தான்.

அடுத்து வரும் பகுதியை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன்.

குட்டியை இழந்த ஆட்டுக்கு வேறு குட்டியைக் கொடுப்பது ஆடு வளர்ப்பவர்களுக்குப் பழக்கம்தான். ஆடு தன் குட்டியை வாசனையால் அறிகிறது. அதனால் செத்த குட்டியின் தோலை உரித்து, உயிருள்ள குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் ஆடு ஏமாந்து, பிறகு அதுவே உண்மையாகிவிடும், தோலைக் கழற்றிவிடலாம்.

நொண்டியின் குட்டி செத்த அன்று, அவன் தன் பக்கத்துக் கிழட்டு ஆடு போட்ட இரட்டைக் குட்டிகளில் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கத்தியை எடுத்துத் தானே உரித்தான். அவள் குட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

தோல் சேரவில்லை.

முறுக்கிப் பிறந்த குட்டியின் தோல் அது. முதுகில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மறுபக்கம் பை மாதிரி தொங்கியது. கால் நுழைய வேண்டிய இடங்கள் கால் இருக்கிற இடத்தில் இல்லை. நேரான ஒரு குட்டிக்குக் கோணலான சட்டை. எப்படித் திருப்பினாலும் குட்டி அதில் சிக்கிக்கொண்டு கத்தியது. அவள் கத்தியை வாங்கி, கால் தோல்களை அறுத்தெறிந்தாள். முதுகை நீளவாக்கில் கிழித்து, கோணி ஊசியும் சணலும் எடுத்து, குட்டியின் மேலேயே வைத்துத் தைத்தாள். வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம் என்று இழுத்து இழுத்துத் தைத்தாள்.

நொண்டி முகர்ந்து பார்த்தது. விலகியது. திரும்பி வந்து மறுபடி முகர்ந்தது. பிறகு பின்னங்காலை அகட்டிக் கொடுத்தது. குட்டி வாலை ஆட்டிக்கொண்டு சீம்பாலை இழுத்துக் குடித்தது.

அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். "பாருங்க, ஏமாந்துடுச்சு. பாருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் ரத்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

(இதைப் படித்த அன்று அக்கா சாப்பிடவில்லை. ஒரே ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.)

6

கடைசியில் மிஞ்சியது ஊர்சுற்றி.

பேருக்கேற்ற ஆடு. கட்டுக்கடங்காதது. இளசுகளோடு மேயப் போகும். பாதியில் கிழடுகளோடு சேர்ந்துகொள்ளும். சில நாள் குட்டைக் கரையில் அவளோடு நிற்கும். சில நாள் அவன் பின்னால் கொட்டகைக்குள் முதல் ஆளாய் நுழைந்திருக்கும். அது எந்தப் பக்கத்து ஆடு என்று இருவருக்குமே தெரியாது. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிட்ட ஆடு.

இப்போது அதன் வயிறு பெருத்து, மடி இறங்கி, தீவனத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நிம்மதியாய் மென்றுகொண்டிருந்தது.

"அன்னைக்கெல்லாம் இவ உங்க கூட அடைஞ்சாளா, என் கூட நின்னாளா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"நான் எங்கே பார்த்தேன்? உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிடுவேன். நீதான் ஒவ்வொண்ணையும் பார்ப்பே."

"ஒரு நாள் குட்டைக் கரையில என் துண்டைக் கடிச்சு இழுத்தா. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அது கிடா சேர்த்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியல."

இதே பேச்சு தினமும் நடந்தது. சீட்டாட்டத்தில் தோற்றதையும் ஜெயித்ததையும் பற்றி வாழ்நாள் முழுக்க வீட்டில் சில்லறைப் பொய்களாகச் சொல்லி வந்தவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்மையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். தெரியல, தெரியல என்றான். என்ன ஆள் இவன் என்று எனக்கே கோபம் வந்தது.

ஒரு மத்தியானம் அவள் தொட்டியைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "இதுவும் அப்படியே வந்துச்சுன்னா, நான் இனிமே ஆட்டைத் தொட மாட்டேன்."

"என்ன பேச்சு இது?"

"நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் கோணிக்கிட்டு வருது. நீங்க தள்ளி அடைச்சதெல்லாம் துள்ளுது. அப்ப என் கைதானே சரியில்ல? எல்லாத்தையும் வித்துடுங்க. இல்ல, நீங்களே பார்த்துக்கங்க. நான் வேற எங்கயாவது கூட்டிப் பெருக்கிப் பொழச்சுக்கிறேன்."

அவள் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை. அவனுக்கும் அது தெரியும். இந்தக் கதையில் நிஜமாகவே பணயம் வைக்கப்பட்டிருப்பது ஒரு குட்டி மட்டும் அல்ல. ஒரு பெண் தன் கைகள் மேல் வைத்திருந்த நம்பிக்கை. அதைத் திருப்பித் தர ஊர்சுற்றியால் மட்டும்தான் முடியும். ஊர்சுற்றியோ மென்றுகொண்டிருக்கிறது.

7

இந்த இடம் வரை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். முடிவை மட்டும் யோசிக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். பிறகு முன்னால் புரட்டினாள். மெய்ப்புப் பார்ப்பவர்கள் முன்பக்கங்களுக்குத் திரும்பினாலே ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"டேய், ஊர்சுத்தி எங்க நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. அதுதான்க்கா கதையே."

"உனக்குத் தெரியுமே. ரெண்டாவது பாகத்தைப் பாரு. 'நொண்டி நின்றது, வெள்ளைமூக்கு நின்றது, ஊர்சுற்றி நின்றது.' குட்டைக் கரையில. பூச்சி மொய்க்கிற நேரத்துல."

எட்டிப் பார்த்தேன். "அது... சும்மா எழுதினது. அப்ப இந்த ஆடு கதையில இப்படி வரும்னே தெரியாது. ரெண்டு ஆட்டோட நிறுத்தினா வாக்கியம் நொண்டுச்சு. மூணாவதா ஒண்ணு வேண்டியிருந்தது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"வாக்கியம் நொண்டக் கூடாதுன்னு குட்டியை நொண்டியாக்கிட்டியா?"

நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கதை நகரவில்லை. அந்த ஆட்டுப் பெயரை அழித்துவிடலாம்தான். ஒரு சொல்தானே? வேறு ஏதாவது ஆட்டின் பெயரைப் போட்டுவிட்டு, ஊர்சுற்றியைக் கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடலாம். அழித்தும் பார்த்தேன். ஆனால் அழித்த இடத்தில் போடுகிற ஆடும் ஒரு ஆடுதானே? அதன் வயிற்றிலும் ஒன்று இருக்காதா? கரையில் மூன்றாவதாக யாராவது நின்றே ஆக வேண்டும். திரும்ப ஊர்சுற்றியின் பெயரையே எழுதினேன். அதோடு, நீங்கள் அதை ஏற்கெனவே படித்தும்விட்டீர்கள்.

ஒரு வழி இருக்கிறது என்று இரண்டு நாள் நம்பினேன். கரையில் நின்ற எல்லா ஆட்டையும் கடித்திருக்க வேண்டும் என்பதில்லையே? ஒரு குட்டி ஒழுங்காகத்தானே வந்தது? "ஒரு ஆடு காதை ஆட்டியது" என்று எழுதினேனே தவிர, எந்த ஆடு என்று எழுதவில்லை. நல்லவேளை எழுதவில்லை. என்னிடம் மிச்சமிருக்கிற கருணை அவ்வளவுதான்.

இரண்டு முடிவுகளை எழுதினேன்.

முதலாவது: "முட்டி மடங்கியது. வழவழவென்று குட்டி வெளியே வழுக்கி விழுந்து, தும்மி, தள்ளாடி எழுந்து"

இதற்கு மேல் கை ஓடவில்லை. வெள்ளைமூக்கின் முகத்தில் எப்படி முழிப்பது?

இரண்டாவது: "முட்டி மடங்கவில்லை. அவள் கையை உருவிக்கொண்டு, வாளியில் கழுவி, துண்டில் துடைத்து, கொட்டகையை விட்டு"

இதையும் முடிக்கவில்லை. அழகாக முடித்திருக்கலாம். சோகமான முடிவு எழுத எனக்கு நன்றாக வரும். அதனாலேயே பயமாக இருந்தது. எழுத வருகிறது என்பதற்காக ஒரு குட்டியைக் கொல்லலாமா?

8

ஆகவே எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல பகல். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் காசு காசாய் வைக்கோல் மேல் விழுந்திருக்கிறது. ஊர்சுற்றி படுத்திருக்கிறது. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போயாயிற்று. வேறொரு வீட்டில் கை உள்ளே இருக்கிறதாம், முடித்துவிட்டு வருகிறாராம். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள் வரை சோப்புப் போட்டு, மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். அவள் கணவன் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"மூக்கு தெரியுது," என்கிறாள். "நாக்கு இருக்கு. அசையுது. உசிரு இருக்குங்க."

"காலைப் பாரு."

விரல்கள் கழுத்தோரமாய் இறங்குகின்றன. தோள்பட்டை. அதற்குக் கீழே ஈரமான மெல்லிய கால். முட்டி. அங்கே நின்றுவிடுகிறாள்.

"என்னாச்சு?"

"முட்டியைப் புடிச்சுட்டேன்."

"மடக்கிப் பாரு."

"இருங்க."

அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். முட்டி விரல்களுக்கு இடையில் இருக்கிறது. ஒரு சின்ன அசைவு போதும், தெரிந்துவிடும். அந்தச் சின்ன அசைவைச் செய்ய அவளால் முடியவில்லை.

"என்னங்க. கடைசியா ஒரு தடவை கேக்குறேன். அன்னைக்கெல்லாம் இவ எங்க நின்னா?"

அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "என் கூடத்தான். கொட்டகைக்குள்ள."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேனாவா? தாழ்ப்பாள் போடுறப்ப என் பெருவிரலை மிதிச்சா. நகம் பேந்துடுச்சு. உன்கிட்டச் சொன்னா, ஒழுங்கா நின்னு அடைச்சா ஏன் மிதிக்கப் போறான்னு நீ திட்டுவே, அதான் சொல்லல. தினமும் உள்ளதான் இருந்தா. ஒரு நாள் விடாம உள்ளதான் இருந்தா."

நகம் பேந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டையே ரெண்டுபடுத்துகிற ஆள் அவன். அவளுக்கு அது தெரியும். அவள் உதடு சிரிக்கிற மாதிரி கோணுகிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரியது. இதுதான் நல்லதும். ஆனால் ஒரு ஆள் சொன்னால் போதவில்லை அவளுக்கு. இன்னொரு சாட்சி வேண்டும்.

என்னை நம்ப மாட்டாள். நான் ஆட்டை எங்கே நிறுத்துகிறவன் என்று அவளுக்குத் தெரியும். அக்கா பொய் சொல்ல மாட்டாள். மெய்ப்புப் பார்த்த கை. மிச்சமிருப்பது நீங்கள்தான். அந்த மாலையில் குட்டைக் கரையில் அவளோடு நின்றது நீங்கள். வெயில் இறங்குவதைப் பார்த்தீர்கள். பூச்சி மொய்த்ததைப் பார்த்தீர்கள். யார் யார் நின்றது என்பதையும் பார்த்தீர்கள்.

அவள் கண்ணைத் திறந்து, கணவனைத் தாண்டி, உங்களைப் பார்க்கிறாள். ஊர்சுற்றி அன்றைக்கு எங்கே நின்றாள் என்று கேட்கிறாள். அவன் சொன்னதையே நீங்களும் சொன்னால் அவள் மடக்கிப் பார்ப்பாள். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும். மடக்கிப் பார்க்கவாவது அவளுக்குத் தெம்பு வேண்டும்.

ஆடு முக்கத் தொடங்கிவிட்டது. எலும்பு நசுக்குகிறது. சீக்கிரம் சொல்லுங்கள், அவளுக்குக் கை வலிக்கிறது.